நகையும் எள்ளலும்

நாள்தோறும் நம் நாவில் புழங்கும் சொற்களே நம் ஆராய்ச்சிக்கு எளிதில் தப்பிவிடுகின்றன. 'நகைச்சுவை' என்பது அத்தகைய சொற்களுள் ஒன்று. திரைப்படத்தில் நகைச்சுவைக் காட்சி, வார இதழில் நகைச்சுவைத் துணுக்கு, பட்டிமன்றத்தில் நகைச்சுவைப் பேச்சு என அது எங்கும் நிற்கிறது. ஒருவரைப் பாராட்ட வேண்டுமெனில் 'நகைச்சுவை உணர்வு மிக்கவர்' என்கிறோம். ஒருவர் மனம் புண்பட்டு முகம் வாடினாலோ, 'நகைச்சுவைக்குச் சொன்னேன்' என்று அதே சொல்லைக் கேடயமாகப் பிடிக்கிறோம். புகழுக்கும் தற்காப்புக்கும் ஒருங்கே பயன்படும் இச்சொல் எங்கிருந்து வந்தது? அதன் பிறப்பில் எதைக் குறித்தது? இன்று அதன் பெயரால் நாம் எதைக் கண்டு சிரிக்கிறோம்? இவற்றை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லின் வேர்

நகைச்சுவை என்பது நகையாகிய சுவை என விரியும். 'நகு' என்னும் வினையடியாகப் பிறந்த பெயர் 'நகை'. இவ்வேர் தமிழுக்கு மட்டும் உரியதன்று. கன்னடத்தில் 'நகு', 'நகெ' என்றும், தெலுங்கில் 'நவ்வு' என்றும் அது இன்றளவும் உயிரோடு வழங்குகிறது. எனவே திராவிட மொழிகள் பிரிவதற்கு முன்பே நம் முன்னோர் சிரிப்பைக் குறிக்க ஆண்ட மிகப் பழைய சொல் இது எனலாம்.

'நகு' என்பதற்குச் சிரித்தல் என்பதோடு ஒளிர்தல், மலர்தல் என்னும் பொருள்களும் உண்டு. ஆகவேதான் 'நகை' என்னும் பெயர் சிரிப்பையும், ஒளியையும், மலரும் பருவத்து மொட்டையும், முத்தையும், பல்லையும், அணிகலனையும் ஒருசேரக் குறிக்கிறது. பொன் நகை என்கிறோம், புன்னகை என்கிறோம். இரண்டும் வெவ்வேறு சொற்கள் என்று எண்ணுவோரும் உளர். அவை ஒன்றே. மங்கிக் கிடந்த ஒன்று சட்டென ஒளிவிடுதல் என்னும் ஒரே கருத்து இரண்டிலும் ஓடுகிறது. மொட்டு இதழ் விரிக்கும்போதும், இதழ் விரிந்து பல் தெரியும்போதும், பொன் வெயிலில் மின்னும்போதும் பழந்தமிழர் கண்டது ஒரே காட்சியையே.

அதே அகராதி இன்னொரு பொருளையும் தருகிறது. நகை என்பது இகழ்ச்சி, ஏளனம். ஒளிக்கும் இகழ்ச்சிக்கும் ஒரே சொல்லா என்று வியக்கத் தோன்றும். சொல்லாக்கத்தில் இது பிழையன்று. பல் தெரிவது அன்பிலும் உண்டு, இகழ்ச்சியிலும் உண்டு. மொழி தான் கண்டதைப் பதிவு செய்தது. எந்தப் பொருளைத் தேர்வது என்பதை அது நம்மிடமே விட்டுவிட்டது.

சிரிப்பைக் குறிக்க நம்மிடையே வழங்கும் ஏனைய சொற்களோடு ஒப்பிட்டால் நகையின் தனித்தன்மை மேலும் விளங்கும். 'கிண்டல்' என்பது கிண்டுதலிலிருந்து வந்தது. கிளறுதல், குத்திக் கிளப்புதல் என்பது அதன் அடிக்கருத்து. 'தமாஷ்' பாரசீக வழியாக வந்த சொல். வேடிக்கை பார்த்தலைக் குறிப்பது. 'விகடம்' வடசொல், இயல்புக்கு மாறான, திரிந்த, அச்சந்தரும் உருவம் என்பது அதன் முதற்பொருள். உடலைக் கோணி, முகத்தைத் திரித்துச் சிரிக்கவைத்த மேடைக் கலைஞரை விகடகவி என்றனர். பின்னர் அச்சொல்லே மென்மையுற்று, 1926-இல் தொடங்கப்பெற்ற புகழ்பெற்ற வார இதழ் ஒன்றின் பெயரிலும் இடம்பெற்றது. ஆங்கிலத்தில் 'ஹியூமர்' என்பது ஈரம், நீர்மம் எனப் பொருள்படும் இலத்தீன் சொல். குருதி, சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் ஆகிய நான்கு நீர்மங்களின் கூடுதல் குறைவே மனிதனின் இயல்பை வகுக்கிறது என்று பண்டைய ஐரோப்பிய மருத்துவர் கருதினர். அவ்வியல்பு மிகைப்பட்டவன் பிறர் சிரிப்புக்கு ஆளானான். 1598-இல் பென் ஜான்சன் தம் நாடகத்திற்கு 'எவ்ரி மேன் இன் ஹிஸ் ஹியூமர்' எனப் பெயரிட்டபோது அச்சொல் மருத்துவத்திலிருந்து நாடக மேடைக்கு வந்துகொண்டிருந்தது.

கிளறல், வேடிக்கை, உருத்திரிபு, உடல்நீர் ஆகியவை ஒருபுறம் நிற்க, நம் மொழி சிரிப்புக்குத் தேர்ந்த முதற்சொல் ஒளியோடு உறவுடையது. இதை வெறும் பெருமையாகப் பேசிக் கடந்துவிட நமக்கு விருப்பமில்லை. இது நம்மேல் ஒரு பொறுப்பையும் சுமத்துகிறது.

தொல்காப்பியர் வகுத்த எல்லை

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல் மனத்தின் எட்டு நிலைகளைப் பேசுகிறது. அவற்றுள் முதலாவதாக நிற்பது நகை. இறுதியாக நிற்பது உவகை. நகை வேறு, மகிழ்ச்சி வேறு என்பதை இவ்வைப்புமுறையே உணர்த்துகிறது. பரத முனிவரின் நாட்டிய சாத்திரம் காதற்சுவையை முதலில் வைத்து நகையை இரண்டாவதாக வைக்கிறது. பிற்காலத் தண்டியலங்காரம் வீரத்தில் தொடங்கி நகையில் முடிக்கிறது. தொல்காப்பியர் ஒருவரே நகையை வாயிலில் நிறுத்தியவர்.

நகை தோன்றும் களங்கள் நான்கு என்கிறார் அவர்: எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன. எள்ளலாவது இகழ்ச்சி. இளமையாவது குழந்தைத்தன்மை. பேதைமையாவது அறியாமை. மடன் என்பதற்கு உரையாசிரியர் பேராசிரியர் தரும் விளக்கம் நுட்பமானது. பிறர் கற்பித்ததை ஆராயாமல் ஏற்று, ஏற்றதை எந்நிலையிலும் விடாமல் பற்றி நிற்றலே மடன் என்பது அவர் கருத்து. அறியாமல் தவறுபவன் பேதை. கற்றதைச் சிந்தியாமல் பற்றுபவன் மடவோன். இருவரையும் கண்டு நமக்கு நகை பிறக்கிறது.

எள்ளலுக்கும் பேராசிரியர் இரு முகம் காட்டுகிறார். பிறரை எள்ளித் தான் நகுதல் ஒன்று. பிறர் தன்னை எள்ளும்போது தானே நகுதல் மற்றொன்று. இரண்டாவதைச் சிந்திக்க வேண்டும். தன்மேல் எறியப்பட்ட எள்ளலைத் தானே வாங்கிச் சிரிக்க வல்லவன் எத்துணைப் பேருள்ளம் படைத்தவன்! ஆயினும் அது அவன் தரும் கொடை. அதை அவனிடம் கட்டாயப்படுத்திப் பெற எவருக்கும் உரிமையில்லை.

நகைக்குரிய நான்கை மட்டும் படித்துவிட்டு நூலை மூடுவோர் பலர். நாம் அடுத்த நூற்பாக்களையும் உடன்வைத்துப் படிக்க வேண்டும் என்கிறோம். அழுகையின் களங்களாகத் தொல்காப்பியர் கூறுவன இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவரலின் களங்கள் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. மருட்கை, அதாவது வியப்பின் களங்களுள் புதுமையோடும் பெருமையோடும் சிறுமையும் உண்டு. இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய திரைப்பட நகைச்சுவைக் காட்சிகளைப் பார்ப்போம். முதியவரின் தடுமாற்றம், நோயாளியின் இருமல், வறியவனின் கிழிந்த சட்டை, குள்ளமானவரின் உயரம் ஆகியவை சிரிப்புக்குப் பொருளாகின்றன. தொல்காப்பியர் கணக்கில் முதுமையும் பிணியும் இளிவரலைச் சேர்ந்தவை. வறுமை அழுகையைச் சேர்ந்தது. உருவச் சிறுமை வியப்பைச் சேர்ந்தது. அவற்றுள் ஒன்றேனும் நகையின் பட்டியலில் இல்லை.

இதற்கு மறுப்பு ஒன்று எழலாம். எள்ளல் என்பதையே முதற்களமாக அவர் வைத்துவிட்டார் அன்றோ? எள்ளலுக்கு உட்படாத பொருள் எது? இக்கேள்வி நியாயமானதே. எள்ளலால் சிரிப்புப் பிறக்கிறது என்ற உண்மையை அவர் மறைக்கவில்லை. மனித இயல்பை உள்ளவாறு எழுதினார். ஆனால் அடுத்த நூற்பாவிலேயே அழுகையின் முதற்களமாக இளிவை வைத்தார். இளிவாவது பிறரால் இகழப்பட்டு எளியனாதல். நகையின் பட்டியல் எள்ளலில் தொடங்குகிறது. அழுகையின் பட்டியல் இளிவில் தொடங்குகிறது. ஒருவனுக்கு எள்ளலாக இருப்பது மற்றொருவனுக்கு இளிவாக இருக்கிறது. ஒரே நிகழ்ச்சியின் இரு கரைகளில் நின்று அவர் இரு நூற்பாக்களை எழுதினார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

நாட்டிய சாத்திரம் நகைக்குரியனவற்றுள் திரிந்த உடை, பிதற்றல், நாணமின்மை முதலியவற்றோடு உறுப்புக் குறையைக் காட்டுதலையும் சேர்த்துக் கூறுகிறது. அது அக்கால மேடை வழக்கைப் பதிவு செய்த நூல். அதை இன்றைய அளவுகோலால் பழிப்பது முறையன்று. எனினும் இரு மரபுகளும் நம் முன் இருக்கும்போது, உடற்குறையை நகையின் பட்டியலில் சேர்க்காத நூல் நம்முடையது என்பதை மறத்தல் ஆகாது.

வள்ளுவரின் தராசு

தொல்காப்பியர் இலக்கணம் வகுத்தார். வள்ளுவர் அறம் வகுத்தார். விளையாட்டாகச் சொல்லும் இகழ்ச்சிகூடத் துன்பமே தரும் என்பது பண்புடைமை அதிகாரத்தில் அவர் தரும் தீர்ப்பு. 'நகைச்சுவைக்குச் சொன்னேன்' என்னும் கேடயத்தை அவர் இரண்டாயிரம் ஆண்டு அளவு பழைமையுடைய ஒரு குறளில் உடைத்தெறிந்துவிட்டார். குடிமை அதிகாரத்தில் நற்குடிப் பிறந்தார்க்குரிய நான்கு பண்புகளை எண்ணும்போது நகையை முதலிலும் இகழாமையை இறுதியிலும் வைத்து, இடையே ஈகையையும் இன்சொல்லையும் அமைக்கிறார். நகையும் இகழாமையும் ஒரே குடியில் வாழ வேண்டியவை என்பது அதன் குறிப்பு. இடுக்கண் வருங்கால் நகுக என்றும் அவர் சொன்னார். அங்கே நகைக்கப்படுவது தன் துன்பமேயன்றிப் பிறர் துன்பம் அன்று.

அதே பண்புடைமை அதிகாரத்தில் மற்றொரு குறள், பிறரோடு கலந்து மகிழ்ந்து நகத் தெரியாதவர்க்கு இவ்வுலகம் பட்டப்பகலிலும் இருளில் கிடக்கிறது என்கிறது. நகையை ஒளியோடு இணைத்த பழைய வேர்ப்பொருள் இங்கே அறமாக மலர்ந்திருப்பதைக் காண்கிறோம். வள்ளுவர் சிரிப்பின் பகைவர் அல்லர். சிரிக்கத் தெரியாதவனை இருளில் கிடப்பவன் என்று இரங்கியவர் அவர். எள்ளலைக் கண்டிப்போரை 'சிரிக்கத் தெரியாத உம்மணாமூஞ்சிகள்' என்று தள்ளிவிடுவோர் இக்குறளையும் படித்தல் நலம்.

பரமார்த்த குருவும் ஐந்து சீடரும்

இக்கருத்துகளுக்கு இலக்கியச் சான்று தேடுவோமாயின் வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதை நம்முன் வந்து நிற்கிறது. 1680-இல் இத்தாலியில் பிறந்து, தமிழகத்தில் பணியாற்றி, 1747-இல் மறைந்த அவர், பேச்சுத் தமிழைக் கற்போர்க்குப் பயிற்சியாகுமாறு எளிய நடையில் இயற்றிய உரைநடை நூல் அது. 1822-இல் பெஞ்சமின் பாபிங்டன் தமிழ் மூலத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் இணைத்து லண்டனில் அச்சிட்டார். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்பன சீடர்களின் பெயர்கள். தொல்காப்பியர் கூறிய பேதைமையும் மடனும் ஈண்டு ஆட்களாகவே நடமாடுகின்றன.

அவர்கள் ஆற்றைக் கடக்கும் கதை யாவரும் அறிந்தது. ஆறு விழித்திருக்கிறதா உறங்குகிறதா என்று அறியக் கொள்ளிக்கட்டையை நீரில் தோய்க்கிறார்கள், சுர்ரென்று சீறுகிறது. பின்னர் அவிந்த கட்டையையே மீண்டும் தோய்க்கிறார்கள், சீற்றம் இல்லை. ஆறு உறங்கிவிட்டது என்று துணிந்து கடக்கிறார்கள். சோதனை முறை சரியாகவே இருக்கிறது, அறிவுதான் இல்லை. இது பேதைமை.

மற்றொரு கதை மடனுக்கு உரியது. குரு குதிரைமேல் செல்கையில் தலைப்பாகை விழுகிறது. எடுக்கச் சொல்லவில்லையே என்று சீடர் எடுக்கவில்லை. இனி விழுவதையெல்லாம் எடுங்கள் என்கிறார் குரு. குதிரை இட்ட இலத்தியையும் தலைப்பாகையில் ஏந்தி வருகிறார்கள். சினந்த குரு எடுக்க வேண்டியவற்றை ஓலையில் எழுதித் தருகிறார். பின்னர் குருவே குழியில் விழுகிறார். ஓலையில் குருவின் பெயர் இல்லை; ஆகவே தூக்க மறுக்கிறார்கள். அவரே தம்மையும் பட்டியலில் எழுதித் தந்த பிறகுதான் கரையேற்றப்படுகிறார். கற்பித்ததைச் சிந்தியாமல் பற்றுதல் என்று பேராசிரியர் வகுத்த இலக்கணத்திற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு நம் உரைநடையில் காண்பது அரிது. விதியைக் காத்து மனிதனைக் குழியில் விடும் மடன் அலுவலகங்களிலும் உண்டு, ஆலயங்களிலும் உண்டு. இக்கதையைப் படித்துச் சிரிப்பவர் தம் இருக்கையையும் ஒருமுறை பார்த்துக்கொள்வர்.

இந்நூலின் நகை யாரைத் தாக்குகிறது என்பதை உற்று நோக்க வேண்டும். நொண்டியையோ, கூனனையோ, ஏழையையோ அன்று. குருவைத் தாக்குகிறது. எழுதியவரும் ஒரு குருவே. மாற்றுச் சமயத்துக் குருமாரை எள்ளவே அவர் இதை எழுதினார் என்பாரும் உளர். அவ்வெண்ணமும் கலந்திருக்கக் கூடும். ஆயினும் கதை அந்த எல்லைக்குள் அடங்கி நிற்கவில்லை. சீடரைச் சேர்க்கும் எந்தக் குருவும் இதில் தம் முகத்தைக் காண்பார்.

சீடருள் ஒருவனுக்கு மிலேச்சன் என்று பெயரிட்டது நமக்கு உறுத்துகிறது. மற்ற நான்கு பெயர்களும் அறியாமையைக் குறிக்க, இது ஒன்று மட்டும் வேற்றினத்தாரை இகழும் சொல். திறனாய்வு இதைக் கண்டும் காணாததுபோல் செல்லலாகாது. எனினும் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். ஐரோப்பியரைப் பரங்கியர் என்று இகழ்ந்து ஒதுக்கிய காலம் அது. மிலேச்சர் என்னும் பழஞ்சொல்லும் வேற்று நாட்டாரையே சுட்டுவது. அச்சூழலில் ஐரோப்பியர் ஒருவரே அப்பெயரை எடுத்து ஐந்து மூடருள் ஒருவனுக்குச் சூட்டினார் எனில், தம்மேல் விழக்கூடிய எள்ளலைத் தாமே வாங்கி நகுதல் என்னும் பேராசிரியரின் இரண்டாம் வகை இதுவாக இருத்தல் கூடும். இது நம் வாசிப்பு. ஆசிரியரின் வாக்குமூலம் அன்று.

இதே முனிவர் தரங்கம்பாடி லுத்தரன் சபையினரோடு நடந்த சொற்போரில் வேதவிளக்கம், பேதகமறுத்தல் முதலிய கண்டன நூல்களையும் எழுதினார். அவை அக்காலத்துச் சமயப் பூசலின் சூடு நிறைந்தவை. இன்று அவற்றை ஆய்வாளரன்றி வேறெவரும் தேடிப் படிப்பதில்லை. பரமார்த்த குருவையோ பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஒருவரே எழுதியவற்றுள் பிறரை வெல்ல எழுதியது ஏட்டில் உறங்க, எல்லாரும் தம்மைக் கண்டு சிரிக்க எழுதியது நாவில் வாழ்கிறது. எது நிலைக்கும் என்பதற்கு இதுவே போதிய விடை.

இன்றைய மேடை

ஊர்த் திருவிழாக்களில் நகைச்சுவை நிகழ்ச்சி இல்லாத இரவு இன்று அரிது. பல்குரல் கலைஞர் திக்கிப் பேசுபவரைப்போலப் பேசிக் காட்டுவார். அரங்கம் அதிரும். அவ்வரங்கில் உண்மையாகவே திக்கிப் பேசும் சிறுவர் இருப்பதையும், சுற்றியிருப்போர் தம்மைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கையில் அவர்கள் தலை தாழ்த்தியிருப்பதையும் நாம் கண்டதுண்டு. மறுநாள் அச்சிறுவனை ஒரு வாசகம் படிக்க அழைத்தால் எழுந்து வரமாட்டான். மேடையில் ஐந்து நிமிடத்தில் முடிந்த சிரிப்பு அவன் நாவைப் பல ஆண்டுகள் கட்டிவிடுகிறது. நிறம், உடற்பருமன், வழுக்கை, சாதித்தொழில், பெண்ணின் பேச்சு எனப் பட்டியல் நீளும். இவற்றைச் சொல்லிச் சிரிக்கவைக்க அறிவும் வேண்டா, மொழியும் வேண்டா.

நல்ல முன்மாதிரி நமக்கு இல்லாமல் இல்லை. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் (1908–1957) 'நல்ல தம்பி' (1949) திரைப்படத்தில் நிகழ்த்திய கிந்தனார் கதாகாலட்சேபத்தை எண்ணிப் பார்க்கலாம். நந்தனார் கதையின் நடையையும் பாணியையும் எடுத்துக்கொண்டு, சிதம்பரம் செல்ல ஏங்கிய நந்தனுக்கு ஈடாகக் கல்விக்கு ஏங்கும் கிந்தனைப் படைத்தார். சிரிப்பு முழுவதும் அவனைத் தடுக்கும் மடமையின் மேலேயே விழுகிறது. ஒடுக்கப்பட்ட சிறுவன்மேல் விழவில்லை. எள்ளல் இங்கும் உண்டு. ஆனால் அது வலியவரை நோக்கிச் செல்கிறது.

2024 ஜூலையில் இந்திய உச்ச நீதிமன்றமும் இவ்வேறுபாட்டைத் தன் மொழியில் கூறியது. திரைப்படங்களில் மாற்றுத்திறனாளிகளைக் காட்டும் முறை பற்றிய வழக்கொன்றில், ஊனத்தைக் கொண்டு ஒருவரைச் சிறுமைப்படுத்தும் நகைச்சுவை வேறு, ஊனம் பற்றிய நம் பழைய எண்ணங்களை அசைத்து நம்மைத் தெளியவைக்கும் நகைச்சுவை வேறு என்று அது பிரித்துக் காட்டியது. நீதிமன்றம் சொல்லி நாம் அறியவேண்டிய நிலை வந்தது வருந்தத்தக்கதே. மெய்ப்பாட்டியலை இலக்கணத் தேர்வுக்கு மட்டும் படித்துவந்ததன் விளைவு இது.

எண்ண மறந்தவன்

பரமார்த்த குருவின் சீடர் ஆற்றைக் கடந்து கரையேறியதும் தம்மை எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ணுபவன் ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். ஆறு பேருக்கு ஐவரே தேறுகின்றனர். ஒருவனை ஆறு விழுங்கிவிட்டது என்று கதறி அழுகிறார்கள். அவ்வழி வந்த ஒருவன் தடியால் ஒவ்வொருவரையும் தட்டி எண்ணவைத்த பின்பே ஆறு பேரும் இருக்கக் காண்கிறார்கள்.

எள்ளி நகுபவனின் நிலையும் இதுவே. பிறர் குறைகளை ஒன்று, இரண்டு என எண்ணிச் செல்பவன் தன்னை அந்த எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. தன்னையும் சேர்த்து எண்ணத் தொடங்கும்போது எள்ளலின் முள் ஒடிந்து நகையின் ஒளி மட்டும் எஞ்சுகிறது. நகைச்சுவை எழுதுவோரும், பேசுவோரும், அதைக் கேட்டுச் சிரிக்கும் நாமும் ஒரு கேள்வியை எப்போதும் உடன் வைத்திருப்போமாக: இந்தச் சிரிப்புக்குப் பொருளானவர் நம் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்தால், அவரும் நம்மோடு சேர்ந்து சிரிப்பாரா? சிரிப்பார் எனில் அது நகை. இல்லையெனில் அதற்குத் தொல்காப்பியர் வேறு பெயர் வைத்திருக்கிறார். அது அழுகையின் பட்டியலில் முதலாவதாக இருக்கிறது.